‘கோல்ட் கன்!’

படப்பிடிப்பில் பறிபோன உயிர்கள் – 7

மரத்தால் கட்டிய சின்னத் தேவாலயம் அது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம், சாண்டா ஃபே நகருக்கு வெளியே போனான்சா க்ரீக் என்ற பண்ணை. கௌபாய் படங்களுக்கென்றே அங்கே ஒரு பொய் ஊர் நிற்கிறது. 2021 அக்டோபர் 21 அன்று, மதிய உணவு முடிந்து, ‘ரஸ்ட்’ படக்குழுவினர் அந்தத் தேவாலயத்துக்குள் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தார்கள். கேமரா ஓடவில்லை. ஒத்திகைதான். கதாநாயகன் அலெக் பால்ட்வின் மர பெஞ்சில் உட்கார்ந்து, உறையிலிருந்து துப்பாக்கியைக் குறுக்காக உருவிக் கேமராவை நோக்கி நீட்ட வேண்டும். கேமராவுக்குப் பக்கத்தில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ். அவருக்குப் பின்னால் இயக்குநர் ஜோயல் சூசா.

துப்பாக்கி உள்ளே வந்தபோது முதல் உதவி இயக்குநர் டேவிட் ஹால்ஸ் உரக்கச் சொன்னது இரண்டே சொற்கள்: “கோல்ட் கன்!” காவல்துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் இது பதிவாகியிருக்கிறது. ‘இது குளிர்ந்த துப்பாக்கி, இதற்குள் வெடிக்கக்கூடியது எதுவும் இல்லை, பயப்படாமல் நில்லுங்கள்’ என்பதுதான் அதற்குப் பொருள். ஹாலிவுட் படப்பிடிப்புகளில் அது ஒரு வாக்குறுதி. அதைக் கேட்டபின் யாரும் ஒதுங்க மாட்டார்கள். அன்றும் யாரும் ஒதுங்கவில்லை.

துப்பாக்கி வெடித்தது. குண்டு ஹலினாவின் உடலைத் துளைத்து வெளியேறி, சூசாவின் தோளில் போய்ப் பதிந்தது. ஹலினாவை ஹெலிகாப்டரில் ஆல்புகெர்க்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவர் பிழைக்கவில்லை. வயது 42. ஒன்பது வயதில் ஒரு மகன்.

ஹலினாவை ‘இறந்துபோன ஒளிப்பதிவாளர்’ என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. உக்ரைனில் பிறந்தவர். ஆர்க்டிக் பகுதியின் சோவியத் ராணுவத் தளம் ஒன்றில் வளர்ந்தவர். கீவ் நகரில் இதழியல் படித்து, லாஸ் ஏஞ்சலஸ் வந்து, அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் ஒளிப்பதிவு கற்று 2015இல் வெளியே வந்தார். பெண்கள் மிகச் சிலரே நுழைந்த துறை அது. ‘அமெரிக்கன் சினிமாட்டோகிராஃபர்’ இதழ் 2019இல் வளரும் நட்சத்திரங்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. அன்று அவர் நின்ற இடம் அவர் வேலை செய்ய வேண்டிய இடம். துப்பாக்கி கேமராவில் எப்படித் தெரியும் என்று பார்க்க, துப்பாக்கிக்கு எதிரே நின்றுதான் ஆக வேண்டும்.

இதில் பொறுப்பு யாருடையது என்று கேட்பதற்கு முன்னால், படப்பிடிப்பில் புழங்கும் தோட்டாக்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாக் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

நிஜத் தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் தீப்பொறி எழுப்பும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. ‘பிளாங்க்’ என்பதில் குண்டு கிடையாது. மற்ற மூன்றும் உண்டு. சத்தமும் நெருப்பும் வேண்டிய காட்சிக்கு அது. குண்டு இல்லாததால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1984இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற 26 வயது நடிகர், தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் படப்பிடிப்பில், காத்திருந்த சலிப்பில் பிளாங்க் போட்ட துப்பாக்கியைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை அழுத்தினார். வெடிப்பின் வேகமே மண்டை ஓட்டை உடைத்துவிட்டது. ஆறு நாளில் இறந்துபோனார்.

மூன்றாவது ‘டம்மி’. இதில் குண்டு உண்டு, வெடிமருந்து கிடையாது. ரிவால்வரைக் கேமராவை நோக்கி நீட்டினால் சுழல்கூட்டின் துளைகளில் குண்டுகளின் நுனி தெரியும். துளை காலியாக இருந்தால் ரசிகர் கண்டுபிடித்துவிடுவார். அதற்காகத்தான் டம்மி. வெளியிலிருந்து பார்த்தால் நிஜத் தோட்டாவுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அதைச் செய்கிறார்கள். ஆகவே கூட்டுக்குள் ஒரு சின்ன உலோகக் குண்டுமணியைப் போட்டு வைப்பார்கள். காதருகே கொண்டுபோய்க் குலுக்கினால் கிலுகிலுக்கும். சிலவற்றில் பக்கவாட்டில் துளை போட்டிருப்பார்கள். கிலுகிலுப்பும் இல்லை, துளையும் இல்லை என்றால் அது டம்மி இல்லை.

சென்ற வாரம் பார்த்த பிராண்டன் லீயின் மரணம் நினைவிருக்கும். 1993இல் ‘தி க்ரோ’ படப்பிடிப்பில் டம்மிகள் கைவசம் இல்லாததால், நிஜத் தோட்டாக்களிலிருந்து வெடிமருந்தை மட்டும் கொட்டிவிட்டு அவற்றையே டம்மியாக்கினார்கள். பிரைமர் உயிரோடு இருந்தது. அது குண்டைத் தள்ளி துப்பாக்கிக் குழலுக்குள் சிக்கவைத்தது. பிறகு அதே துப்பாக்கியில் பிளாங்க் போட்டுச் சுட்டபோது, சிக்கியிருந்த குண்டு வெளியே பாய்ந்தது. அங்கே நடந்தது இரண்டு தவறுகளின் சேர்க்கை. ‘ரஸ்ட்’ தளத்தில் அந்தச் சிக்கல்கூட இல்லை. ரிவால்வரில் ஆறு தோட்டாக்கள். ஐந்து டம்மி, ஒன்று நிஜம். குலுக்கிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்துக்குள் தெரிந்திருக்கும்.

குலுக்கிப் பார்க்க வேண்டியவர் ஹன்னா குட்டியரெஸ் ரீட். படத்தின் ஆர்மரர், அதாவது துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் பொறுப்பாளர். வயது 24. வளர்ப்புத் தந்தை தெல் ரீட் ஹாலிவுட்டில் பேர்பெற்ற துப்பாக்கி வல்லுநர். தலைமை ஆர்மரராக ஹன்னாவுக்கு இது இரண்டாவது படம். அடுத்து சரிபார்க்க வேண்டியவர் ஹால்ஸ். எல்லாத் தோட்டாக்களையும் பார்க்காமல் விட்டதை விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். துப்பாக்கி வெடித்தபோது ஹன்னா தேவாலயத்துக்குள் இல்லை. நிஜத் தோட்டா அது ஒன்று மட்டுமல்ல. தளத்தில் இன்னும் ஐந்தைக் காவல்துறை கண்டெடுத்தது. ஒன்றுகூட இருந்திருக்கக் கூடாத இடம் அது.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் கதை எளிது. ஓர் இளம்பெண் கவனக்குறைவாக இருந்தாள், ஓர் உதவி இயக்குநர் அவசரப்பட்டார். ஆனால் அன்று காலை என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்று காலை கேமராக் குழுவைச் சேர்ந்த ஆறு பேர் வேலையை விட்டு வெளியேறியிருந்தார்கள். சாண்டா ஃபேயிலேயே தங்குமிடம் தருவதாகச் சொல்லிவிட்டு, நாள்தோறும் 80 கிலோமீட்டர் தள்ளி ஆல்புகெர்க்கியிலிருந்து வந்துபோக வைத்தது அவர்கள் குறை. சம்பளம் தாமதமானது இன்னொன்று. துப்பாக்கிப் பாதுகாப்பு மூன்றாவது. ஐந்து நாளுக்கு முன்னால், அக்டோபர் 16 அன்று, அதே தளத்தில் இரண்டு முறை துப்பாக்கி தவறுதலாக வெடித்திருந்தது. இரண்டும் பிளாங்க் என்பதால் யாருக்கும் அடிபடவில்லை. ஒரு முறை வெடித்தாலே வேலையை நிறுத்தி, எப்படி நடந்தது என்று விசாரித்து, எல்லோரையும் கூட்டிப் பேசியிருக்க வேண்டும். நியூ மெக்சிகோவின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை பின்னர் வெளியிட்ட அறிக்கை, அப்படி எதுவும் செய்யப்படவில்லை என்கிறது.

அந்த அறிக்கையில் இன்னொரு விவரம் இருக்கிறது. என்னை மிகவும் உறுத்தியது அதுதான். ஹன்னாவை இரண்டு வேலைக்கு அமர்த்தியிருந்தார்கள். ஆர்மரர் சம்பளத்தில் எட்டு நாள். மற்ற நாட்களில் காட்சிப் பொருட்களைக் கவனிக்கும் பிராப்பர்ட்டி உதவியாளர். துப்பாக்கி வேலைக்குக் கூடுதல் நாள் வேண்டும் என்று அவர் கேட்டபோது, ஆர்மரர் வேலைக்கே அதிக நேரம் செலவிடுகிறாய், பிராப்பர்ட்டி வேலையைப் பார் என்ற தொனியில் தயாரிப்பு நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது. துப்பாக்கி வராத நாளே அரிதான ஒரு வெஸ்டர்ன் படம். அதில் துப்பாக்கியைக் கவனிக்க அரை ஆள்.

21 நாள் படப்பிடிப்புத் திட்டம். 12ஆவது நாள் அது. 21 நாளில் முடிக்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு நிமிடம் நின்று தோட்டாவைக் குலுக்கிப் பார்ப்பதற்கு இடம் விடப்படவில்லை. ஹன்னாவின் தவறு தவறுதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டவரும் பொறுப்பாளிதான் என்பது என் உறுதியான கருத்து.

நீதிமன்றம் எங்கே போய் நின்றது என்று பாருங்கள்.

ஹால்ஸ் 2023 மார்ச்சில், ஆயுதத்தை அலட்சியமாகக் கையாண்ட குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் ஏற்றுக்கொண்டார். ஆறு மாத நன்னடத்தைக் கண்காணிப்பு. சிறை இல்லை. ஹன்னாவை அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக ஜூரி 2024 மார்ச் 6 அன்று குற்றவாளி என்றது. அடுத்த மாதம், சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச தண்டனையான 18 மாதச் சிறையை விதித்தார் நீதிபதி மேரி மார்லோ சோமர். நிஜத் தோட்டாவைத் தளத்துக்குக் கொண்டுவந்ததே ஹன்னாதான் என்றது அரசுத் தரப்பு. சப்ளையரிடமிருந்து வந்தது என்றது அவர் தரப்பு. சப்ளையர் மறுத்தார். 2025 மே மாதம் ஹன்னா பரோலில் வெளிவந்தார். இந்த மரணத்துக்காகத் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போன ஒரே ஆள் அவர்தான்.

பால்ட்வின்? விசையை நான் அழுத்தவே இல்லை என்று 2021 டிசம்பரில் தொலைக்காட்சியில் சொன்னார். விசையை அழுத்தாமல் அந்தத் துப்பாக்கி வெடிக்காது என்றார்கள் எஃப்.பி.ஐ. நிபுணர்கள். ஆனால் அவர்கள் செய்த சோதனையிலேயே துப்பாக்கி உடைந்துபோனது. 2023இல் வழக்கு போட்டார்கள், திரும்பப் பெற்றார்கள், 2024 ஜனவரியில் மறுபடி குற்றம் சாட்டினார்கள். ஜூலையில் விசாரணை தொடங்கியது. மூன்றாம் நாளே முடிந்தும் போனது. இந்த வழக்கோடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்று அரிசோனாவைச் சேர்ந்த முன்னாள் காவலர் ஒருவர் ஷெரீஃப் அலுவலகத்தில் ஒப்படைத்த தோட்டாக்களை வேறு வழக்கு எண்ணில் பதிந்து வைத்துவிட்டு, பால்ட்வின் தரப்புக்குக் காட்டாமல் விட்டிருந்தார்கள். நீதிபதியே கையுறை அணிந்து, அவை இருந்த உறையைத் திறந்து தோட்டாக்களைப் பார்த்தார். வழக்கை மறுபடி தொடுக்க முடியாதபடி தள்ளுபடி செய்தார்.

நடிகருக்குப் பொறுப்பு உண்டா என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. நடிகரின் வேலை துப்பாக்கி நிபுணராக இருப்பதல்ல என்று நடிகர் சங்கம் பால்ட்வினுக்கு ஆதரவாக நின்றது. கையில் துப்பாக்கி வாங்கினால் திறந்து பார்ப்பது எவருக்கும் கடமை என்றது அரசுத் தரப்பு. எனக்குச் சங்கத்தின் வாதம் பாதிதான் சரியாகப் படுகிறது. நிபுணர் சரிபார்த்து வைத்த துப்பாக்கியை நடிகர் தானே திறந்து நோண்டினால் புதிய ஆபத்து வரும். உண்மைதான். ஆனால் ‘என் கண்ணெதிரே திறந்து, ஒவ்வொன்றாகக் குலுக்கிக் காட்டுங்கள்’ என்று கேட்க நிபுணத்துவம் தேவையில்லை. எதிரே நிற்பவர் மேல் அக்கறை இருந்தால் போதும். கதாநாயகன் கேட்டால் மறுக்கிற தளம் எதுவும் உலகத்தில் இல்லை.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று விசாரணைக்கே வரவில்லை. பால்ட்வின் இந்தப் படத்தின் நடிகர் மட்டுமல்ல, தயாரிப்பாளர்களில் ஒருவரும்கூட. அவர் தயாரிப்பாளர் என்பதை ஜூரியின் முன் ஆதாரமாக வைக்கக் கூடாது என்று விசாரணைக்கு முன்பே நீதிபதி தீர்ப்பளித்துவிட்டார். விசையில் இருந்த விரலைப் பற்றிய வழக்கு அது என்ற அளவில், சட்டப்படி அதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் எட்டு நாள் ஆர்மரர், 21 நாள் அட்டவணை, விசாரிக்கப்படாத இரண்டு வெடிப்புகள் எல்லாம் தயாரிப்பின் முடிவுகள். அவற்றுக்காகக் குற்றவியல் கூண்டில் ஏறியவர் எவருமில்லை. தயாரிப்பு நிறுவனத்துக்குத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை முதலில் விதித்த அபராதம் 1,36,793 டாலர். அந்தத் துறை விதிக்கக்கூடிய உச்சத் தொகை அது. பேச்சுவார்த்தைக்குப் பின் அது ஒரு லட்சம் டாலராகக் குறைந்தது. ‘தி க்ரோ’ விஷயத்திலும் இதே பாதைதான். அங்கே விதித்த 84,000 டாலர் 55,000 ஆனது. யார் மீதும் குற்ற வழக்கு இல்லை.

ஹலினா இறந்த மறுநாளே ‘தி ரூக்கி’ என்ற தொலைக்காட்சித் தொடர், இனி காற்றழுத்தப் பொம்மைத் துப்பாக்கி மட்டும்தான், நெருப்பைக் கணினியில் சேர்த்துக்கொள்கிறோம் என்று அறிவித்தது. நடிகர் டுவெய்ன் ஜான்சன் தன் நிறுவனத்தின் படங்களில் ரப்பர் துப்பாக்கிக்கு மாறுவதாகச் சொன்னார். கலிஃபோர்னியா மாநிலம் 2023இல் படப்பிடிப்புத் துப்பாக்கிகளுக்கென்று பாதுகாப்புச் சட்டம் இயற்றியது.

‘ரஸ்ட்’ படமும் நின்றுபோகவில்லை. ஹலினாவின் கணவர் தயாரிப்புத் தரப்போடு சமரசம் செய்துகொண்டு, நிர்வாகத் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். தோளில் குண்டு வாங்கிய சூசாவே மீதியை இயக்கினார். பியாங்கா க்ளைன் என்ற பெண் ஒளிப்பதிவாளர், ஹலினா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 2024 நவம்பரில், போலந்தின் டோருன் நகரில், ஒளிப்பதிவாளர்களுக்கென்றே நடக்கும் கேமரிமாஜ் விழாவில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஹலினாவின் அம்மா அந்தத் திரையிடலுக்கு வர மறுத்துவிட்டார்.

மீதிப் படப்பிடிப்பு 2023இல் மொன்டானா மாநிலத்தில் நடந்தது. அதே கதை, அதே கௌபாய்கள், அதே துப்பாக்கிச் சண்டைகள். வேலை தொடங்குவதற்கு முன்பே தயாரிப்பு நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சுடக்கூடிய துப்பாக்கி எதுவும், எந்த வகைத் தோட்டாவும் இந்தத் தளத்துக்குள் வராது. அப்படியேதான் படத்தை எடுத்து முடித்தார்கள்.

(தொடரும்)