மலை வாந்திதானே என்று விட்டுவிடாதீர்கள்! உஷார்!

மலையடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது கொல்லிமலைக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து, முகத்தைத் துடைத்துவிட்டு மடியில் படுக்க வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பிள்ளை மனநிலையைச் சீராக வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறதா? அதிலும் லித்தியம் சாப்பிடுகிறதா? அப்படியானால் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் நிற்காத வாந்தியை 'மலை வாந்தி' என்று தள்ளிவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்தாக முடியலாம்!

ஒரேயடியான உற்சாகம், தூக்கமே இல்லாத பரபரப்பு, பிறகு எழுந்திருக்கவே மனமில்லாத சோர்வு என்று மாறி மாறி வரும் பைபோலார் பாதிப்புக்கு லித்தியம், வால்புரோயேட் போன்ற மருந்துகளைக் கொடுக்கிறார்கள். நல்ல மருந்துகள்தான். எத்தனையோ பிள்ளைகள் இவற்றால்தான் பள்ளிக்குப் போய் வருகிறார்கள். ஆபத்து, கவனிப்பு தவறும்போதுதான் வருகிறது.

உப்பும் தண்ணீரும் குறைந்தால் ஆபத்து

லித்தியத்தில் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருக்கலாம். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். வாந்தி, பேதி, காய்ச்சல், கடும் வியர்வை எல்லாம் உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் குறைத்துவிடும். அப்போது சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கப் பார்க்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வழக்கமான அளவு மாத்திரையே அப்போது அதிகமாகிவிடுகிறது.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இறங்கி ஏறும்போது தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும். நேர்த்திக்கடன் என்று இந்தப் பிள்ளையை உப்பில்லா விரதமோ, பட்டினி விரதமோ இருக்க வைக்காதீர்கள். அந்த வேண்டுதலைப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இவற்றைக் கண்டால் ஓடுங்கள்

நிற்காத வாந்தி, பேதி, கை வெடவெடவென நடுங்குவது, நடையில் தள்ளாட்டம், நாக்குக் குழறல், எழுப்பினாலும் தெளியாத தூக்கம் இருந்தால் அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள், அல்லது செம்மேடு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 'லித்தியம் சாப்பிடும் பிள்ளை' என்பதை முதலில் சொல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாந்தி பேதி மட்டும்தான் என்றாலும், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

இதே பாதிப்புக்குக் கொடுக்கப்படும் கார்பமாசெபின், லாமோட்ரிஜின் மாத்திரைகளில் ஆபத்து தோலில் தெரியும். தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வால்புரோயேட் சாப்பிடும் பிள்ளைக்கு விடாத வயிற்றுவலி, கண்ணில் மஞ்சள், காரணமில்லாத ரத்தக்கட்டு வந்தாலும் அப்படித்தான். பெண் பிள்ளைக்கு இந்த மருந்து என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பிற்காலத்தில் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய மருந்து இது என்பதால், வயதுக்கு வருவதற்கு முன்பே மருத்துவரிடம் விரிவாகப் பேசிவிடுங்கள்.

நீங்களாக நிறுத்தாதீர்கள்

'பிள்ளை தெளிந்துவிட்டான், இனி எதற்கு மாத்திரை' என்று நிறுத்துவது அடுத்த பெரிய தவறு. தெளிவு வந்ததே மாத்திரையால்தான். திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பலாம். சில மருந்துகளை நிறுத்தினால் வலிப்பும் வரலாம். மேலே சொன்ன அபாய அறிகுறிகள் தவிர, வேறு எதற்கும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கவும் கூடாது. மழையில் பாதை அடைபடலாம், ஆடியில் வல்வில் ஓரி விழாக் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள்.

மலையில் மூலிகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த மூலிகை இந்த மருந்துகளோடு மோதும் என்பது மருத்துவரைக் கேட்காமல் தெரியாது. கடையில் கிடைக்கும் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வலி மாத்திரைகள் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். கேட்காமல் கொடுக்கவே கூடாது.

ரத்தப் பரிசோதனை நாளில்

கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் லித்தியத்தின் அளவு சரியாகத் தெரியும். இரவு 9 மணிக்கு மாத்திரை என்றால் மறுநாள் காலை 9 மணிக்கு ரத்தம். காலை மாத்திரையைக் கையோடு எடுத்துச் சென்று, ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட வையுங்கள். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளையும் தள்ளிப்போடாதீர்கள்.

பள்ளியிலும் வீட்டிலும்

பிள்ளை உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தால், மருந்தின் பெயர், அளவு, நேரம், அபாய அறிகுறி எல்லாவற்றையும் தாளில் எழுதி விடுதிக் காப்பாளரிடம் கொடுங்கள். மறைத்தால் ஆபத்து நேரத்தில் உதவ ஆள் இருக்காது. வீட்டில் மாத்திரையைப் பூட்டி வைத்து, அந்தந்த வேளைக்கு உரியதை மட்டும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். 'செத்துப்போகணும்' என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும் அதட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள், அன்றே உதவி தேடுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

இன்றே அந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் படியுங்கள். லித்தியம் என்றிருந்தால், அபாய அறிகுறிகளைப் பாட்டி தாத்தா உட்பட வீட்டில் எல்லோருக்கும் இன்றைக்கே சொல்லி வையுங்கள். 14416, 108 இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.