கறுப்பாய் வறுத்தால் காபி ஸ்ட்ராங்கா?

"நல்லா கறுப்பா வறுத்து அரைச்சுக் குடுங்க. டிகாஷன் ஸ்ட்ராங்கா இறங்கணும்!"

காபிப்பொடிக் கடையில் பல வருஷம் நான் சொல்லி வந்தது இதுதான். கறுப்பென்றால் வீரியம் என்று ஒரு நினைப்பு.

அந்த நினைப்பில் ஒரு தப்பும் செய்தேன். முழுகாமல் இருந்த என் தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். காபியைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. "இளசா வறுத்த பொடிதான்டி, ஒண்ணும் செய்யாது" என்று நாளைக்கு நாலு டம்ளர் கொடுத்தேன். பாவம், ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் புரண்டாள். காபியிலுள்ள காஃபீன், வறுக்கிற பதத்தால் அவ்வளவாகக் கூடுவதோ குறைவதோ இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. கர்ப்பிணிகள் நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று டாக்டர்கள் பலர் சொல்கிறார்கள். ஆக, குறைக்க வேண்டியது டம்ளர் எண்ணிக்கையைத்தான். இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கவும் கூடாது; சத்து உடம்பில் சேராது.

அப்படியானால் வறுவல் எதைத்தான் மாற்றுகிறது? ருசியை!

வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்கு மலையேறினால் வழியெல்லாம் காபித் தோட்டம். ஆரஞ்சு, மலைவாழை, மரத்தில் படர்ந்த மிளகுக்கொடி, இவற்றின் நடுவே நிழலில் அரபிகா செடிகள். (சுமார் 7,000 அடி உயரத்திலிருக்கும் கொடைக்கானல் ஊரின் குளிர் காபிக்கு ஒத்துக்கொள்ளாது.) காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் தாண்டிக்குடியில் இருக்கிறது. அங்கே உறவுக்காரர் வீட்டில் பச்சைக் கொட்டையை இரும்பு வாணலியில் வறுத்துப் பார்த்தோம்.

முதலில் புல் வாசனை. பிறகு மஞ்சளாகி ரொட்டி சுடுகிற மணம். கொட்டையின் சூடு சுமார் 200 டிகிரி செல்சியஸ் வந்ததும் 'பட், பட்' என்று வெடிக்கும். உடனே இறக்கினால் புளிப்பு தூக்கலாக இருக்கும், பாலுக்குச் சேராது. இன்னும் கொஞ்சம் விட்டால் புளிப்பு அடங்கி, லேசான தித்திப்பும் மணமும் எழும்பும். நம் பில்டர் காபிக்கு இதுதான் பதம். சுமார் 225 டிகிரியில் இரண்டாவது வெடிப்பு, சன்னமாகக் கேட்கும். அதையும் தாண்டினால் கொட்டை மேல் எண்ணெய் மினுங்கும், கசப்பு ஏறும். மலைச் சரக்கோ மட்டச் சரக்கோ, எல்லாம் ஒரே தீய்ந்த ருசிதான்! மலையில் பாடுபட்டு, பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்ததெல்லாம் வீண்.

பணத்துக்கும் நஷ்டம். ஒரு கிலோ பச்சைக் கொட்டை, பதமாய் வறுத்தால் சுமார் 850 கிராம் நிற்கும். கருக விட்டால் 800 கிராம்கூடத் தேறாது.

டிகாஷன் கறுப்பாக இறங்குவது பல வீடுகளில் சிக்கரியின் வேலை. அதில் காஃபீனே கிடையாது. எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

அடுத்த தரம் ஒரே கொட்டையை இரண்டு பதத்தில், நூறு நூறு கிராம் வறுத்து வாங்கிப் பாருங்கள். முதல் வாயைச் சர்க்கரை போடாமல் குடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் எனக்கும் பிள்ளைகளுக்கும் பதமான வறுவல்தான் பிடித்தது. அவர் மட்டும் இன்னும், "என்ன, தண்ணியா இருக்கு?" என்கிறார்!