தாறுமாறாய்த் தூவிய புள்ளிகள்

2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த கினெக்டில் அழுத்தப் பொத்தான் இல்லை, கையில் பிடிக்கவும் ஏதுமில்லை. எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியோடு இணைத்து, டிவிக்கு அடியில் வைக்கும் ஒரு கறுப்புப் பட்டை, அவ்வளவுதான். எதிரே நின்று காலை வீசினால் திரையில் பந்து பறந்தது. 60 நாளில் 80 லட்சம் விற்றுக் கின்னஸிலும் ஏறியது.

சாதாரணக் கேமராவுக்கு இந்த வேலை கடினம். வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளைச் சட்டைக்காரர் நின்றால் எது ஆள், எது சுவர்? கினெக்ட் ஆளைக் கண்டுபிடிக்க நிறத்தை நம்பவில்லை, தூரத்தை நம்பியது. இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் நிறுவனம் கொடுத்த உத்தி அது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தூவும். கோலப்புள்ளி போல வரிசையாக அல்ல, தாறுமாறாக. ஒரு கொத்து இன்னொன்றைப் போல இராது என்பதால் எந்தக் கொத்து எங்கே விழுந்தது என்று குழப்பமின்றிச் சொல்லிவிடலாம். சற்றுத் தள்ளியிருக்கும் கேமரா, ஒவ்வொரு கொத்தும் எவ்வளவு நகர்ந்து தெரிகிறது என்று அளக்கும். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் தாவும், தூரத்துச் சன்னல் அவ்வளவு தாவாது. அந்தத் தாவலே கணக்கு.

தூரம் தெரிந்தால் போதுமா? முழங்கை எது, தோள் எது? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஜேமி ஷாட்டன் குழுவினர் உடலை 31 பகுதிகளாகப் பிரித்தார்கள். நடிகர்களின் அசைவுகளைப் பதிந்து, குண்டு, ஒல்லி, நெட்டை என்று கணினியிலேயே உடல்களை உருவாக்கினார்கள். இப்படிச் செய்த 10 லட்சம் படங்களை வைத்து, 1000 கணினிச் செயலிக் கருக்கள் ஏறக்குறைய ஒரு நாள் உழைத்துப் பாடம் கற்றன. எனக்குப் பிடித்தது வேறொன்று: அந்த முறைக்கு முந்தைய படத்தின் நினைவே தேவையில்லை. ஒவ்வொரு படத்தையும் புதிதாகப் பார்ப்பதால், ஆள் சோபாவுக்குப் பின்னால் மறைந்து எழுந்தாலும் திகைக்காது.

ஆனால் வெயில் விழும் இடத்தில் புள்ளிகள் கரைந்துபோயின. அதைவிடப் பெரிய வினை, கை வலி. திரையில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க, கையை அந்தரத்தில் தூக்கிக் கொஞ்ச நேரம் அசையாமல் பிடிக்க வேண்டும். இதை 'இயல்பான' முறை என்று விளம்பரம் செய்தவர்கள் ரிமோட்டை மறந்துவிட்டார்கள். கட்டைவிரல் ஒன்றே போதுமே அதற்கு.

2017 அக்டோபரில் கினெக்ட் உற்பத்தி நின்றுவிட்ட செய்தி வந்தது. பிரைம்சென்ஸை ஆப்பிள் 2013-லேயே வாங்கியிருந்தது. 2017 நவம்பரில் கடைக்கு வந்த ஆப்பிளின் ஐபோன் எக்ஸ், 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை உரிமையாளரின் முகத்தில் தூவிப் பூட்டைத் திறந்தது. கையைத் தூக்கச் சொல்லவில்லை.