பத்து மாடியை ஆட்டிப் பார்க்கும் ஆய்வுக்கூடம்

ஒரு கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்பதை அறிய, அதைக் கட்டி ஆட்டிப் பார்ப்பதுதான் நேரடியான வழி. அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் 2004ஆம் ஆண்டிலிருந்து அதைத்தான் செய்துவருகிறது.

அங்குள்ள எஃகு அதிர்வு மேடை 12.2 மீட்டர் நீளமும் 7.6 மீட்டர் அகலமும் கொண்டது. திறந்தவெளியில் இருப்பதால் கட்டடத்தின் உயரத்துக்குக் கூரை தடையில்லை. தொடக்கத்தில் மேடை முன்னும் பின்னும் மட்டுமே நகர்ந்தது. நிலம் அப்படி ஒரே திசையில் குலுங்குவதில்லையே! 2022ல் முடிந்த மேம்பாட்டுக்குப் பிறகு பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைகிறது. சாயவும் சுழலவும் செய்கிறது.

கட்டட விதிகளின் முதல் கவலை, உள்ளே இருப்போர் உயிர்பிழைக்க வேண்டும் என்பதே. அவர்கள் மீண்டும் அங்கு குடியேற முடியுமா என்பது வேறு கேள்வி. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2011 நிலநடுக்கத்தில் விழாமல் நின்ற பல கட்டடங்களும் பின்னர் இடிக்கப்பட்டன.

2023 மே மாதம் சான் டியேகோ மேடையில் 10 மாடி மரக் கட்டடம் சோதிக்கப்பட்டது. 1994ல் கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜையும் 1999ல் தைவானின் சி-சியையும் உலுக்கிய நிலநடுக்கங்களை மேடை மீண்டும் நிகழ்த்தியது. கட்டடம் ஆடியது, பிறகு நேராக நின்றது.

அதன் மரச் சுவர்கள் அடித்தளத்தோடு அசையாதபடி இறுக்கப்படவில்லை. அதிர்வில் அவை சற்றே எழும்பி ஆடும். மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள் பழைய நிலைக்கு இழுத்துவிடும். சுவரோரம் பொருத்திய எஃகுத் தகடுகள் வளைந்து அதிர்வின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். பெரிய நடுக்கத்துக்குப் பின் மாற்ற வேண்டியவை பெரும்பாலும் அத்தகடுகளே.