ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அமீனாவைப் பற்றிய அச்சம் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆமை விஷயத்திலோ காலம் தலைகீழாக மாறிவிட்டது. பணம் கொடுத்து வாங்கி வந்து, கூடத்தில் கண்ணாடித் தொட்டியில் வைத்து, வருவோர் போவோர்க்கெல்லாம் காட்டி மகிழ்கிறார்கள்.

சிட்லபாக்கத்தில் நம் நண்பர் ஒருவரின் இல்லத்திலும் இவ்வாறு ஓர் ஆமை புகுந்தது. வந்த அன்று அது பழைய ஒரு ரூபாய் நாணயத்தளவே இருந்தது. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவந்த ஒரு கோடு. சிவப்புக்காது ஆமை என்பார்கள். அமெரிக்காவில் மிஸிஸிப்பி நதி பாயும் பிரதேசத்துப் பிராணி அது. நண்பரின் பையன் அதற்குத் தன் தட்டிலிருந்தே இட்டிலியும் தயிர்சாதமும் படைத்து வந்தான்.

மூன்றாவது மாதத்தில் கூடத்தில் யாரும் உட்கார முடியவில்லை. நண்பர் சுத்தத்தில் குறைவு வைப்பவரல்லர். ஞாயிறுதோறும் தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டுவார். கூழாங்கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பார். குழாய்த் தண்ணீரைப் புதிதாய் நிரப்புவார். செவ்வாய்க்கிழமைக்குள் தொட்டி மறுபடியும் கலங்கி நாறும். கடைக்காரர் ஒரு நீல மருந்து கொடுத்தார். தண்ணீர் நீலமாயிற்று, நாற்றம் மட்டும் மாறவில்லை.

"எங்கள் தாத்தா வீட்டுக் கிணற்றில் ஆமை கிடந்தது. அந்தத் தண்ணீரைத்தானே நாங்கள் குடித்து வளர்ந்தோம்! அது நாறவில்லையே?" என்று நம்மிடம் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. ஆறடி விட்டமுள்ள கிணற்றில் பத்தடித் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 8,000 லிட்டர். நண்பருடைய தொட்டியில் இருந்தது 40 லிட்டர். அங்கே இருநூறு பங்கு தண்ணீருக்கு ஓர் ஆமை. அதன்மேல் இறைக்க இறைக்கப் புது ஊற்று. ஆமை கிணற்றைச் சுத்தம் செய்கிறதென்று ஊரார் நம்பினார்கள். மெய்யில் கிணறுதான் ஆமையைச் சுத்தமாக வைத்திருந்தது.

ஆமை தண்ணீரிலேயே தின்று தண்ணீரிலேயே கழிக்கும் பிராணி. அந்தக் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. ஒருவகைக் கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகைக் கிருமிகள் அதையும் மாற்றி, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த ஊழியர்கள் குடியிருக்கும் இடம் வடிகட்டியின் பஞ்சும் தொட்டியின் கற்களுமே. ஒரு தொட்டியில் இவர்கள் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். நண்பரோ வாரம் தவறாமல் சோப்புத்தூள் போட்டு அவர்களைப் பூண்டோடு ஒழித்துக்கொண்டிருந்தார்! நாற்றத்துக்குக் காரணம் அவருடைய சோம்பல் அன்று, சுறுசுறுப்புத்தான்.

ஆதலால் தண்ணீர் முழுவதையும் ஒருநாளும் கொட்டலாகாது. வாரத்துக்கொரு முறை நான்கில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருப்பதால், அதை ஒருநாள் வாயகன்ற வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்ற வேண்டும். பஞ்சை, வெளியே எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே மெல்லப் பிழிந்து எடுத்தால், அழுக்குப் போகும், கிருமிகள் தங்கும். வடிகட்டி வாங்கும்போது தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்குவது நல்லது. மீனைவிட ஆமை மிகுதியாக அழுக்காக்கும். தீனியை வேறொரு பேஸினில் வைத்து, அரைமணி நேரம் தின்னவிட்டுத் தொட்டிக்குத் திருப்பினால் பாதித் தொல்லை அன்றே தீரும். இட்டிலிக்கும் தயிர்சாதத்துக்கும் ஆமையின் உணவில் இடமில்லை என்பதைப் பையனிடம் சொல்லும்போது நமக்கே சற்று வருத்தமாகத்தான் இருந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆமையின் உடலில் ஸால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். குழந்தைகளுக்கு இதனால் பேதியும் ஜுரமும் கண்டதனால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பதையே அமெரிக்க அரசாங்கம் 1975-இல் தடுத்துவிட்டது. தொட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டிமுற்றத்தில் அலம்பலாகாது. வெளியேற்றும் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் நல்ல உரம். துளசிக்கு மட்டும் ஊற்றலாகாது; அதைப் பச்சையாக வாயில் போட்டுக்கொள்கிறோமல்லவா?

இவையனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்த நண்பரின் தாயார், "இவ்வளவு பாடு எதற்கு? வெள்ளிக்கிழமை பார்த்து ஏரியில் கொண்டு விட்டுவிடுங்கள். வாயில்லா ஜீவன், புண்ணியமாய்ப் போகட்டும்" என்றார்.

சிட்லபாக்கத்து ஏரியின் கதையை அவ்வூரார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத நெடுங்காலத்தில் வீட்டுக் கழிவுநீர் மழைநீர்க் கால்வாய் வழியே ஏரியில் விழுந்தது. கரையோரம் குப்பை மலையாய்க் குவிந்தது. ஏரியிலும் அதே கிருமிகள் அதே வேலையைத்தான் செய்கின்றன. அவற்றின் சக்திக்கு மிஞ்சிய அழுக்கு சேர்ந்தால், தண்ணீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். 2019-ஆம் ஆண்டு சென்னை முழுவதும் குடத்தோடு அலைந்த அந்தக் கோடையில், ஊர்மக்களே மண்வெட்டியுடன் ஏரியில் இறங்கினார்கள். பின்னர் அரசாங்கம் 25 கோடி ரூபாய் ஒதுக்கிச் சீரமைப்பை மேற்கொண்டது. அத்தனை பேர் உழைத்த ஏரியில் இந்த விருந்தாளியை விடலாமா?

இது 20 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். 20, 30 ஆண்டுகள் உயிர்வாழும். மீன்குஞ்சு, நத்தை, நீர்ச்செடி எதையும் விடாது. நம் நாட்டுப் பாலாமை முதலியவற்றோடு இரைக்கும், வெயில் காயும் இடத்துக்கும் போட்டியிடும். நோயையும் ஒட்டுண்ணியையும் பரப்பக்கூடும். உலகின் மிகக் கொடிய 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது. ஐரோப்பியர்கள் 1997-இலேயே இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். நம் மீனம்பாக்கம் விமான நிலையத்திலோ 2024-இல் மலேசியாவிலிருந்து வந்த பிரயாணிகளிடம் சுங்க அதிகாரிகள் கைப்பற்றிய குஞ்சுகள் ஏறக்குறைய 5,000! பிடிபடாமல் தப்பியவற்றில் எத்தனை, தொட்டி நாறிப்போய் ஏரிகளில் புகுந்தனவோ? அப்படியானால் சுதேசி ஆமையையே வளர்க்கலாமே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பாலாமையையும் நட்சத்திர ஆமையையும் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வந்தது வந்துவிட்டது. நம் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார்.

கொல்லையில் பாதி வெயிலும் பாதி நிழலும் விழும் இடத்தில் ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் சிமெண்டுத் தொட்டி ஒன்று எழுந்தது. முக்கால் பாகம் நிரப்பினாலே 480 லிட்டர் பிடிக்கும். சிமெண்டின் காரம் போகும்வரையில் இரண்டு வாரம் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டினார்கள். வெயில் காய ஒரு பாறைக்கல். காக்கைக்கும் பூனைக்கும் எதிராகக் கம்பிவலை. பழைய வடிகட்டியின் பஞ்சைச் சோப்புக் காட்டாமல் அப்படியே புதுத் தொட்டிக்கு மாற்றினார் நண்பர். வாரந்தோறும் எடுக்கும் தண்ணீரை வாழைக்கு ஊற்றுவது பையன் பொறுப்பு. ஊற்றிய பிறகு அவன் கை கழுவினானா என்று பார்க்கும் பொறுப்பைப் பாட்டி தாமே கேட்டு வாங்கிக்கொண்டார்.