வீட்டில் தேர்வு, கேமராவில் காவல்: தொலைநிலைக் கல்வியில் நேர்மை எங்கே தொலைகிறது?

தேர்வு எழுதுபவர் ஓர் ஊரில் இருக்க, அவரைக் கண்காணிப்பவர் வேறோர் ஊரில் இருப்பது இணையவழித் தேர்வுக் கண்காணிப்பு. பல நேரங்களில் அந்தக் கண்காணிப்பாளர் மனிதராகவும் இருப்பதில்லை. ஒரு மென்பொருளே அந்த வேலையைப் பார்க்கிறது. பள்ளி, கல்லூரித் தேர்வு அறைகளில் மேசைகளுக்கு இடையே நடந்துகொண்டிருந்த அறைக் கண்காணிப்பாளரின் கண்ணும் காதும், மாணவரின் மடிக்கணினியிலோ செல்போனிலோ உள்ள கேமராவுக்கும் மைக்குக்கும் மாறிவிட்டன. திடீரென்று உள்ளே நுழையும் பறக்கும் படைக்கு இங்கே வேலை இல்லை. படை எப்போதும் உள்ளேயே இருக்கிறது.

இதில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் ஒரு பணியாளர் ஒரே நேரத்தில் பல மாணவர்களைத் திரையில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவதில் தேர்வு முழுவதும் பதிவாகும்; பிறகு ஒருவர் அதைப் போட்டுப் பார்ப்பார். மூன்றாவது வகையில் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் மாணவரின் முகம், பார்வை போகும் திசை, அறையில் கேட்கும் குரல், திரையில் திறக்கும் பக்கங்கள் ஆகியவற்றைக் கவனித்து, ஐயத்துக்குரிய இடங்களில் குறியிட்டு வைக்கும். மூன்றாவதுதான் மலிவு. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நாளில் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்கள் அதை நாடுவதற்குக் காரணம் அதுவே.

இத்தகைய தேர்வு எப்படித் தொடங்குகிறது என்பதைத் தருமபுரி மாவட்டம் வத்தல்மலையில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. தருமபுரி நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் மலை அது. பெரியூர், சின்னங்காடு, பால்சிலம்பு, ஒன்றியங்காடு, மண்ணாங்குழி போன்ற சிற்றூர்கள் அங்கே உள்ளன. மலையாளிப் பழங்குடி மக்கள் காபி, மிளகு, சாமை, ராகி பயிரிடுகிறார்கள். நாள்தோறும் கல்லூரிக்குப் போய் வருவது கடினமான இப்படிப்பட்ட ஊர்களுக்காகத்தான் தொலைநிலைக் கல்வி என்ற ஏற்பாடே தோன்றியது. ‘கரஸில் படிக்கிறேன்’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு படிப்பவர்கள்.

தேர்வு தொடங்குமுன் அடையாள அட்டையைக் கேமராவுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். பிறகு கேமராவை மெல்லச் சுழற்றி நான்கு சுவர்களையும், மேசைக்கு அடியையும் காட்ட வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. முகத்தில் வெளிச்சம் சீராக விழ வேண்டும். விதிகளை எழுதியவர்களின் மனத்தில் இருப்பது கதவு சாத்திய தனி அறை, மேசை, நாற்காலி, மேலே ஒரு குழல் விளக்கு. ஒற்றை அறை வீட்டில் அடுப்பும் படுக்கையும் அங்கேதான். பாட்டி தண்ணீர் எடுக்க உள்ளே வந்தால் ‘இரண்டாம் நபர்’ என்று குறி விழும். வாசலில் சேவல் கூவினால் ‘சத்தம்’. விடையை யோசித்துக்கொண்டே கூரையைப் பார்த்தால் ‘பார்வை விலகல்’. மூன்றும் குற்றமல்ல. ஆனால் மூன்றும் பதிவாகும்.

இனி, இணைப்பு. நொடிக்கு 500 கிலோபிட் என்ற சுமாரான தரத்தில் மூன்று மணி நேரக் காட்சியை இடைவிடாமல் அனுப்பினால் ஏறத்தாழ 675 மெகாபைட் செலவாகும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் சாதாரண செல்போன் திட்டத்தில் இது கிட்டத்தட்ட பாதி. அளவைவிடப் பெரிய சிக்கல் தொடர்ச்சி. வீடியோ பார்க்கும்போது சிக்னல் அரை நிமிடம் போனால் படம் நின்று திரும்ப ஓடும்; தேர்வில் போனால் மாணவர் கண்காணிப்பிலிருந்து மறைந்துவிட்டதாகக் கணக்கு. மலைச்சரிவில் ஒரு வீட்டில் கிடைக்கும் டவர் அடுத்த வளைவில் உள்ள வீட்டில் கிடைக்காமல் போவது இயல்பு, இடையில் பாறையும் மேடும் இருப்பதால். செல்போன் சேவை எட்டாத 24,680 சிற்றூர்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. 2022-ல்கூட இணைப்பே இல்லாத ஊர்கள் அத்தனை இருந்தன என்பதை அந்த எண்ணே சொல்கிறது.

தொலைநிலைக் கல்வி பழையது; வீட்டில் தேர்வு என்பதுதான் புதிது. இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வியை 1962-ல் டெல்லி பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகமும், 1979-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1981-ல் சென்னைப் பல்கலைக்கழகமும் அதில் இறங்கின. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-லும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லும் உருவாயின. இந்த நீண்ட காலம் முழுவதும் பாடம் தபாலில் வந்தாலும் தேர்வு மையத்தில்தான் நடந்தது. கொரோனா வந்த 2020-ல்தான் தேர்வும் வீட்டுக்குள் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கான ஒழுங்குமுறை, கண்காணிக்கப்பட்ட தேர்வு என்பதற்கு இலக்கணம் வகுத்தது. அதன்படி ஒரு நடுநிலையாளரோ தொழில்நுட்பமோ தேர்வரின் அடையாளத்தையும் தேர்வுச் சூழலின் நேர்மையையும் உறுதிசெய்ய வேண்டும். எழுதுவது தாளிலும் இருக்கலாம், கணினியிலும் இருக்கலாம், முழுக்க இணையத்திலும் இருக்கலாம். அடையாளம், சூழல் என்ற இந்த இரண்டு சொற்களையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் நடந்த இரண்டு நிகழ்வுகள் இவற்றில் ஒவ்வொன்றின் மீதும் வெளிச்சம் போடுகின்றன.

முதலாவது அண்ணா பல்கலைக்கழகம். இது தொலைநிலை மாணவர்களின் கதை அல்ல. கொரோனாவால் வீட்டில் முடங்கிய பொறியியல் மாணவர்களின் கதை. 2020 நவம்பர்–டிசம்பர் பருவத் தேர்வை அந்தப் பல்கலைக்கழகம் 2021-ன் தொடக்கத்தில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்புடன் இணையவழியில் நடத்தியது. முடிவுகள் வந்தபோது பெருந்தொகையான மாணவர்கள் தோல்வியுற்றிருந்தார்கள். முறைகேட்டு ஐயத்தில் பலருடைய முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. தாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்றும், எதற்காகக் குறியிடப்பட்டோம் என்றே தெரியவில்லை என்றும் மாணவர்கள் முறையிட்டார்கள். 2021 மே மாதம் பொறுப்பேற்ற உயர்கல்வித் துறை அமைச்சர் க. பொன்முடி மறுதேர்வை அறிவிக்க வேண்டியதாயிற்று. சூழலைக் காக்க வந்த கருவியின் தீர்ப்பை அரசே அப்படியே ஏற்க முடியாமல் போனது.

இரண்டாவது நிகழ்வு இதைவிட முக்கியமானது. சென்னைப் பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வி நிறுவனம், 1980-81 முதல் சேர்ந்து அரியர் வைத்திருந்த பழைய மாணவர்களுக்கு ஒரு சிறப்பு வாய்ப்பு அளித்தது. கொரோனா காலம் என்பதால் 2020 டிசம்பர் தேர்வு இணையவழியில் நடந்தது. அந்தப் படிப்புகளில் சேர்ந்தே இராத 117 பேர் அதில் நுழைந்து தேர்வு எழுதியிருந்தது பின்னர் ஆவணங்களைச் சரிபார்த்தபோது தெரியவந்தது. இடைத்தரகர்களுக்குப் பணம் கொடுத்துப் பழைய மாணவர்களாகக் காட்டப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, பல்கலைக்கழகம் விசாரணையில் இறங்கியது. இங்கே யாரும் பிட் அடித்ததாகப் புகார் இல்லை. எந்தக் கேமரா வைத்திருந்தாலும் அது ஒழுங்காக உட்கார்ந்து எழுதும் ஒருவரைத்தான் காட்டியிருக்கும். ஓட்டை இருந்தது பதிவேட்டில்.

தொலைநிலைக் கல்வியின் நேர்மை பற்றிப் பேசும்போது இந்த நிகழ்வை விட்டுவிட்டு மென்பொருளை மட்டும் பேசுவது, வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சன்னலுக்குக் கம்பி அடிப்பதற்குச் சமம். மாணவர் யார், எப்போது சேர்ந்தார், கட்டணம் எந்தக் கணக்குக்குப் போனது, ஹால் டிக்கெட் யார் பெயரில் போனது என்ற சங்கிலி அறுபடாமல் இருந்தால்தான் தேர்வறைக் காவலுக்கே பொருள் உண்டு. 2024-25 கல்வியாண்டில் மானியக் குழு, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் சேருகிற ஒவ்வொருவரும் அதன் இணையதளத்தில் ‘டெப் ஐடி’ என்ற தனி எண் பெற வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அது சரியான இடத்தில் வைக்கப்பட்ட பூட்டு.

காப்பி அடிப்பவரையாவது மென்பொருள் பிடிக்கிறதா? நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு நேரடி விடை தருகிறது. 30 மாணவர்களைத் தேர்வு எழுத வைத்து, அவர்களில் 6 பேரிடம் மட்டும் காப்பி அடிக்கச் சொன்னார்கள். பரவலாகப் பயன்படும் ‘ப்ராக்டோரியோ’ மென்பொருள் அந்த ஆறு பேரில் ஒருவரைக்கூடக் குறியிடவில்லை. பதிவுகளை மனிதர் ஒருவர் பார்த்தபோது ஒருவர் மட்டும் சிக்கினார். சோதனை சிறியதுதான். ஆனாலும் கேமராவின் பார்வைக்கு வெளியே இருக்கும் செல்போன், தொலைவிலிருந்து கணினியை இயக்க விடும் செயலி, மேசைக்கு அப்பால் நின்று விடை சொல்லும் ஆள் என்று வழிகள் பல இருக்கையில் இந்த முடிவு வியப்பளிப்பதல்ல.

மறுபக்கம், குற்றமற்றவர்கள் மாட்டிக்கொள்வது. இதை ஒரு கணக்கால் விளக்கலாம். 1,000 பேர் எழுதும் தேர்வில் 20 பேர் தவறு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் மிகவும் திறமையானது என்றும் கொள்வோம். தவறு செய்பவர்களில் நூற்றுக்கு 90 பேரைப் பிடித்துவிடும், நேர்மையானவர்களில் நூற்றுக்கு 5 பேரை மட்டுமே தவறாகக் குறியிடும். அப்படியானால் பிடிபடும் குற்றவாளிகள் 18 பேர். வீணாகக் குறியிடப்படும் நேர்மையானவர்கள் 980 பேரில் 49 பேர். குறி விழுந்த 67 பேரில் முக்கால்வாசிப் பேர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். எனவே ‘மென்பொருள் குறியிட்டது’ என்பதை மட்டும் வைத்து யாருடைய முடிவையும் நிறுத்துவது நியாயமாகாது. ஒவ்வொரு குறியையும் மனிதர் பார்த்தாக வேண்டும். அதுவும் நடப்பதில்லை. அமெரிக்காவின் ‘ப்ராக்டர்யு’ நிறுவனம் 2021 மே மாதம், மனிதர் இல்லாத, மென்பொருள் மட்டுமே காவல் பார்க்கும் சேவையை இனி விற்பதில்லை என்று அறிவித்தது. குறியிடப்பட்ட பதிவுகளில் ஏறத்தாழ 11 விழுக்காட்டைத்தான் ஆசிரியர்கள் திறந்து பார்த்தார்கள் என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. விற்ற நிறுவனமே பின்வாங்கிய முறையை வாங்கிய கல்வி நிறுவனங்கள் இன்னும் யோசிக்க வேண்டும்.

வீட்டின் அந்தரங்கமும் இதில் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் தேர்வுக்கு முன் படுக்கையறையைக் கேமராவில் காட்டச் சொன்னதை ஒரு மாணவர் எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அப்படிக் காட்டச் சொல்வது அரசமைப்புக்கு எதிரான சோதனை என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ல் சொல்லிவிட்டது; 2023-ல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. மாணவியின் முகமும் வீட்டின் உட்புறமும் பதிவான காட்சியை யார் வைத்திருக்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பது வேண்டாத கேள்வி அல்ல.

தேர்வை விட்டால் ஒப்படைப்பு. தொலைநிலைப் படிப்புகளில் பொதுவாக 30 மதிப்பெண் ஒப்படைப்பு போன்ற அகமதிப்பீட்டுக்கும், 70 மதிப்பெண் பருவ இறுதித் தேர்வுக்கும் போகும். விடை எழுதிய ஒப்படைப்புகள் கடைகளில் விலைக்குக் கிடைப்பது பழைய கதை. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபிறகு கடைக்குப் போகும் வேலையும் மிச்சம். ஆய்வேடுகளில் எழுத்துத் திருட்டைத் தடுக்க 2018-ல் வந்த மானியக் குழு விதிகள், 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமையை விட்டுவிட்டு அதற்கு மேல் படிப்படியாகத் தண்டனை வகுத்தன. இயந்திரம் புதிதாக எழுதித் தரும் பத்தியை அந்த ஒற்றுமைக் கணக்கு பிடிக்காது. கேள்வியை மாற்றுவதே வழி. ‘கூட்டுறவு என்றால் என்ன’ என்ற கேள்விக்கு விடையை யாரும் எங்கிருந்தும் எடுத்து ஒட்டலாம். ‘உங்கள் ஊரில் காபி எந்த விலைக்குப் போகிறது, இடையில் எத்தனை கை மாறுகிறது, கூட்டுறவுச் சங்கம் இருந்தால் எது மாறும்’ என்று வத்தல்மலை மாணவரைக் கேட்டால், அவர் நாலு பேரிடம் விசாரித்துத்தான் எழுத வேண்டும். அதன்மீது ஆசிரியர் போனில் ஐந்து நிமிடம் பேசினால், எழுதியவர் அவர்தானா என்பது தெரிந்துவிடும்.

தேர்வுக்கு நம்பகமான வழி நம் கண்ணெதிரேயே இருக்கிறது. சென்னை ஐஐடி 2020 ஜூனில் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பாடமும் வாராந்திரப் பயிற்சிகளும் இணையத்தில். முக்கியத் தேர்வுகளுக்கு மாணவர் பக்கத்து ஊர் மையத்துக்கு நேரில் போக வேண்டும். ஐஐடிகளின் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல் தரும் சான்றிதழ்ப் படிப்புகளும் அப்படியே: பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் மையத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். தொழில்நுட்பத்தில் முன்னிற்கும் நிறுவனமே தேர்வுக்கு மட்டும் மனிதர் காவல் பார்க்கும் அறையை நம்புகிறது.

மையம் நேர்மைக்கு நல்லது, தொலைவுதான் சுமை. மலையிலிருந்து தருமபுரிக்குக் காலையில் தேர்வுக்கு இறங்குபவருக்கு ஒரு நாள் கூலியும் போகும், பேருந்து தவறினால் தேர்வும் போகும். தமிழ்நாட்டு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்பக் கணினி ஆய்வகங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவை பூட்டிக் கிடக்கின்றன. மலையை ஒட்டிய பள்ளி ஒன்றை ஆண்டுக்கு இரண்டு முறை, பல்கலைக்கழகம் அனுப்பும் ஒரு கண்காணிப்பாளருடன் தேர்வு மையமாக்குவதற்குப் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. தருமபுரி, சேலம், நாமக்கல், கிருஷ்ணகிரி மாவட்டங்களை எல்லையாகக் கொண்ட பெரியார் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் மனம் வைத்தால் இது நடக்கும்.

அதுவரை, தொலைநிலைப் படிப்பில் சேர நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு அந்தப் படிப்புக்கு மானியக் குழு அனுமதி இருக்கிறதா என்பதை அதன் தொலைநிலைக் கல்வி இணையதளத்தில் பார்த்து, டெப் ஐடியைத் தாங்களே எடுக்க வேண்டும். தரகர் மூலம் எடுக்கக் கூடாது. தேர்வு வீட்டிலா மையத்திலா, மையம் எந்த ஊரில், தேர்வின் நடுவே இணைப்பு அறுந்தால் என்ன செய்வார்கள், மென்பொருள் குறியிட்டால் அந்தப் பதிவை மாணவருக்குக் காட்டுவார்களா, மேல்முறையீடு யாரிடம் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். எழுத்தில் பதில் தராத நிறுவனத்தில் சேர வேண்டாம்.