உமியும் விதையும்: கணினியில் எஞ்சி நிற்கும் நிறுவிகள்

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே துறையூரைக் கடந்து செல்வோர் கண்களுக்கு நீல வானத்தை ஒட்டிப் பசுமையாய்க் காட்சி தருவது பச்சைமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இம்மலையில் வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை முதலிய ஊர்கள் உள்ளன. மலையாளி எனப் பெயர் பெற்ற பழங்குடி மக்கள் அங்கே மரவள்ளியும் சாமையும் பயிரிட்டு வாழ்கின்றனர். அம்மலையிலிருந்து இறங்கி வந்து தமிழ் பயின்ற மாணவர் ஒருவருக்கு நேர்ந்த இடரே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது.

அம்மாணவர் தம் ஊர்ப் பெரியோர் பாடிய நடவுப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் செல்பேசியில் பதிவு செய்து, முதுகலை ஆய்வேட்டிற்காக எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு வாரங்களே இருந்த நிலையில், இனிச் சேமிக்க இடமில்லை என்று மடிக்கணினி கைவிரித்துவிட்டது. பாட்டுப் பதிவுகளே இடத்தை அடைத்துக்கொண்டன என்று கருதிய அவர், அவற்றுள் சிலவற்றை அழித்துவிடலாமா என்று நம்மை வினவினார். பாடியவர்களுள் ஒரு மூதாட்டி அதற்குள் மறைந்துவிட்டார் என்பதையும் அவரே கூறினார்.

நாம் கணினியைத் திறந்து பார்த்தோம். பதிவுகள் யாவும் சேர்ந்து 3 கிகாபைட் கூட இல்லை. மென்பொருள்களை நிறுவப் பயன்பட்டு, வேலை முடிந்த பின்னும் அகலாமல் கிடந்த கோப்புகளோ 20 கிகாபைட்டைத் தாண்டியிருந்தன. அழிக்க வேண்டுவது எது, காக்க வேண்டுவது எது என்று அறியாமையால், போனால் வாராத குரல்கள் அழிய இருந்தன. ஆதலின் இவ்வேறுபாட்டை ஈண்டு விளக்க விரும்புகிறோம்.

நிறுவி என்பது யாது?

ஒரு மென்பொருளை நம் கணினியில் குடியேற்றும் கோப்பையே நிறுவி என்கிறோம். ‘செட்அப்’ என்று பலரும் வழங்குவது இதனையே. விண்டோஸ் இயங்குதளத்தில் இதன் பெயர் பெரும்பாலும் இ.எக்ஸ்.இ. அல்லது எம்.எஸ்.ஐ. என்று முடியும். ஆண்ட்ராய்டு செல்பேசியில் ஏ.பி.கே. என்று முடியும்.

நிறுவியினுள் மென்பொருளின் உறுப்புகள் யாவும் சுருக்கிக் கட்டப்பட்டிருக்கும். அதனை இயக்கியதும் கட்டு அவிழ்ந்து, உறுப்புகள் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ முதலிய உரிய இடங்களில் அமர்கின்றன. அதன்பின் நாம் நாள்தோறும் பயன்படுத்துவது அங்கு அமர்ந்த மென்பொருளையே. பதிவிறக்கிய மூலக்கோப்பிற்குப் பெரும்பாலும் வேலையில்லை. சான்றாக, லிப்ரே ஆபிஸ் தொகுப்பின் நிறுவி ஏறத்தாழ 350 மெகாபைட் அளவுடையது. அதனை நிறுவிய பின் நீக்கினாலும் எழுதும் பணி தடைப்படாது.

சில மென்பொருள்கள் ‘ஜிப்’ என்னும் பொதியாக வருகின்றன. அப்பொதி ஒன்று, அதனைப் பிரித்த கோப்புறை ஒன்று, நிறுவப்பெற்ற மென்பொருள் ஒன்று என ஒரே பொருள் மூவிடத்தில் இடம்பிடிக்கும். தேவைப்படுவது மூன்றாவது மட்டுமே.

இடம் ஏன் குறைகிறது?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிற்று. 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்கான திட்டம் அறிவிக்கப்பெற்றது. ஏழை இல்லங்கள் பலவற்றிற்கு இவ்வகையில் வரும் கணினியே முதற் கணினி. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் 256 கிகாபைட் சேமிப்பகமே உள்ளது. ஆயினும் திறந்து பார்த்தால் 238 என்றே காட்டும். இதில் ஏமாற்று எதுவுமில்லை. உற்பத்தியாளர் ஒரு கிகாபைட்டை 100 கோடி பைட் என்று கணக்கிடுகின்றனர். விண்டோஸோ 107 கோடியே 37 இலட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்டை ஒரு கிகாபைட் என்று கொள்கிறது. அளவு ஒன்றே, அளக்கும் படிதான் வேறு.

அவ்விடத்தையும் இயங்குதளமும் மீட்புப் பகுதியும் பங்கிட்டுக்கொள்கின்றன. விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்குமாயின், ‘சி’ பகுதி மேலும் சுருங்கும். நம் மாணவரின் கணினியும் அத்தகையதே.

எஞ்சியவை தங்கும் இடங்கள்

முதலாவது, ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறை. நம் மாணவரின் கணினியில் ஒரே நிறுவி நான்கு முறை இருந்தது. பெயரின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்னும் எண்கள் நின்றன. மலையில் இணைய இணைப்பு இடையில் அறுந்துபோக, அவர் மீண்டும் மீண்டும் முயன்றதன் விளைவு அது. முற்றுப்பெறாத பதிவிறக்கங்களும் கிடந்தன. குரோம் உலாவி அத்தகைய கோப்பின் பெயரோடு ‘சி.ஆர்.டவுன்லோட்’ என்னும் ஒட்டினைச் சேர்த்து வைக்கும். கைவிடப்பட்ட பதிவிறக்கமாயின் அதனால் பயனில்லை, நீக்கலாம்.

இரண்டாவது, ‘விண்டோஸ் ஓல்டு’ என்னும் கோப்புறை. விண்டோஸ் ஒரு பதிப்பிலிருந்து மற்றொன்றிற்கு மாறும்போது பழைய பதிப்பு இதில் வைக்கப்படும். இது பல கிகாபைட் அளவினதாகும். புதியது ஒத்துவரவில்லையெனில் திரும்பிச் செல்ல 10 நாள் தவணை உண்டு. அதன்பின் விண்டோஸ் தானே இதனை நீக்கும் இயல்புடையது. நீங்காதிருப்பின், புதிய பதிப்பு நன்கு இயங்குவதை உறுதி செய்துகொண்டு நாம் நீக்கலாம்.

மூன்றாவது, லினக்ஸில் உள்ள சேமிப்பு. பாஸ் லினக்ஸ் டெபியன் வழிவந்தது. அதில் நிறுவப்படும் பொதிகள் சில முறைகளில் ‘வார், கேச்சே, ஆப்ட், ஆர்க்கைவ்ஸ்’ என்னும் அடுக்கில் தங்கிவிடும். முனையத்தில் ‘சூடோ ஆப்ட் கிளீன்’ என்னும் கட்டளையை ஆங்கில எழுத்தில் இட்டால் அவை அகலும். நிறுவிய மென்பொருளுக்கு ஊறு நேராது.

நீக்கும் முறை

டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து, கோப்புகளை அளவின்படி வரிசைப்படுத்துக. பெரியவை மேலே வரும். ஒவ்வொரு நிறுவிக்கும் உரிய மென்பொருள் நிறுவப்பட்டு இயங்குகிறதா என்று பார்த்த பின்னரே நீக்குக. நீக்கியதும் கோப்பு மறுசுழற்சித் தொட்டிக்குச் செல்லுமேயன்றி வட்டை விட்டு அகலாது. தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். ஆனால் காலி செய்யுமுன் தொட்டியை ஒருமுறை பார்ப்பது நல்லது. அதுவே பிழை திருத்த நமக்குள்ள இறுதி வாய்ப்பு.

செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று வரிசையாகச் சென்றால் நீக்கத்தக்கவற்றின் பட்டியல் ஒன்று தோன்றும். இங்கே ஓர் எச்சரிக்கை. அப்பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்னும் கட்டமும் இருக்கும். அதனைத் தேர்ந்தெடுத்தால் நிறுவிகளோடு அக்கோப்புறையில் உள்ள நூல்கள், படங்கள், ஒலிப்பதிவுகள் அனைத்தும் போய்விடும். செல்பேசியிலிருந்து வாட்ஸ்அப் வழியே கணினிக்கு வந்த நம் மாணவரின் பாட்டுகள் அக்கோப்புறையிலேயே இருந்தன. எல்லாக் கட்டங்களையும் குறியிட்டு ஒரே அழுத்தில் துடைக்க எண்ணும் அவசரம் எத்தகைய இழப்பைத் தரும் என்பது இதனால் விளங்கும்.

தொடலாகாதவை

விண்டோஸ் கோப்புறையினுள் ‘இன்ஸ்டாலர்’ என்னும் பெயருடைய மறைகோப்புறை ஒன்று உண்டு. பெயரைக் கண்டு, இதுவும் எஞ்சிய நிறுவியே என்று அழிப்பார் உளர். அது பிழை. மென்பொருளைப் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் முறையாக அகற்றவும் விண்டோஸ் அதிலுள்ள கோப்புகளையே நாடும். அவற்றை அழித்தால் மென்பொருள் அப்போதைக்கு இயங்குவதுபோல் தோன்றி, பின்னர் புதுப்பிக்கவோ அகற்றவோ இயலாது இடர் தரும். பொதுவாக, நாம் கொண்டுவந்த கோப்பை நாம் நீக்கலாம். கணினி தனக்கென வைத்துக்கொண்டதை அதற்கென அமைந்த கருவியின் வழியே மட்டும் நீக்க வேண்டும்.

மீண்டும் கிடைக்குமா?

இத்தனையும் கேட்ட மாணவர், “ஐயா, இவற்றுள் பலவற்றைத் துறையூருக்கு வந்துதான் இறக்கினேன். அழித்துவிட்டால் மறுபடி அதற்கென்று மலையிறங்க வேண்டுமே” என்றார். நகரத்தில் இருக்கும் நமக்குத் தோன்றாத வினா அது. ஒரு நிறுவியின் வேலை முடிந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது, மீண்டும் எளிதில் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும் என்பதை அவரிடமிருந்தே நாம் கற்றோம்.

உலாவி போன்றவற்றின் பழைய நிறுவிகளைக் காத்துப் பயனில்லை. பழைய பதிப்பில் பாதுகாப்புக் குறைகள் இருக்கும்; வேண்டும்போது உரிய நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதைப் பெறுவதே முறை. ஆனால் வை-ஃபை கருவிக்குரிய இயக்கியின் நிறுவி அத்தகையதன்று. அது பழுதுபட்டால் இணையமே வாராது. இணையம் இன்றி அதனைப் பெறுவது அரிது. பணம் செலுத்தி வாங்கிய மென்பொருளும், தயாரிப்பு நின்றுபோன மென்பொருளும் அவ்வாறே காக்கத்தக்கவை.

தமிழ்த்துறையினர் சிறப்பாகக் கருத வேண்டுவது பழைய எழுத்துருக்களை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் வகுக்கப்பெற்றன. 2010ஆம் ஆண்டில் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 முறையையும் ஏற்றது. இடைப்பட்ட காலத்திலும் அதற்கு முன்பும் தட்டச்சான ஆய்வேடுகளும் மலர்களும் பற்பல எழுத்துருக்களில் உள்ளன. உரிய எழுத்துரு இல்லையேல் அக்கோப்புகள் பொருளற்ற குறிகளின் குவியலாகவே தோன்றும். சில நூறு கிலோபைட் கூட இல்லாத எழுத்துருக் கோப்பை இடம் மிச்சப்படுத்துவதாக எண்ணி அழித்தால், ஆண்டுக்கணக்கில் எழுதியவை ஊமையாகிவிடும். எழுத்துருவைக் காப்பதோடு, அக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி வைப்பதும் நம் கடமை.

இறுதியாக

முதலில் பாட்டுப் பதிவுகளைப் பென்டிரைவ் ஒன்றிலும் துறையின் கணினியிலும் படியெடுத்தோம். மீண்டும் கிடைத்தற்கரிய ஐந்தாறு நிறுவிகளை மற்றொரு பென்டிரைவில் ஏற்றி, பெயரும் நாளும் எழுதிய சீட்டை அதனோடு கட்டி அவரிடமே கொடுத்தோம். அதன்பின் எஞ்சியவற்றை நீக்கினோம். ஆய்வேடு உரிய நாளில் நிறைவுற்றது. மூதாட்டியின் தாலாட்டும் நிலைத்தது.

சாமையைக் குத்திப் புடைக்கும் மலைமக்கள் உமியை வீட்டில் சேர்த்து வைப்பதில்லை; விதைத் தானியத்தை உமியோடு வீசுவதுமில்லை. கணினியைக் கையாளும் மாணவச் செல்வங்களுக்கும் வேண்டுவது அப்பகுத்தறிவே. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒருமுறை அமர்ந்து, வேலை முடிந்ததா, மீண்டும் கிடைக்குமா என்னும் இரு வினாக்களையும் கேட்டு, கணினியைத் தூய்மை செய்க. பேரப்பிள்ளைகளின் கணினியில் தம் பாட்டும் பேச்சும் பதிவாகியுள்ள பெரியோரும், அவற்றிற்கு மற்றொரு படி உண்டா என்று அன்போடு கேட்டு வைப்பார்களாக.